அதிகார வளர்ப்பு: ஒரு சொல்லுக்குள் சிக்கிய இரண்டு பொருள்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் ஆக்கிக் கொடுத்தேன். பதின்பருவப் பிள்ளைகளின் மனநலத்துக்கும், வீட்டில் அவர்களை வளர்க்கும் விதத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் அறிக்கை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தந்தை என்னிடம் வந்தார். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் அவருக்குப் பின்னால் நின்றான். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். "அதிகாரமாக வளர்ப்பதுதான் நல்லது என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள், சார். இவன் அம்மாவிடம் இதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அந்த வரியை எழுதியவன் நான். ‘அதிகார வளர்ப்பு’ நன்மை தரும் என்று இரண்டாம் பக்கத்திலும், ‘அதிகாரத்துவ வளர்ப்பு’ பிள்ளையின் மனத்தைக் குலைக்கும் என்று மூன்றாம் பக்கத்திலும் எழுதியிருந்தேன். நடுவில் இருந்த ‘த்துவ’ என்ற மூன்று எழுத்துகள் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும் என்று நம்பியது என் தவறு. அன்றிலிருந்து இந்தச் சொற்களை நான் விடவில்லை.

ஆங்கிலத்திலேயே இவை ஒட்டிப் பிறந்த சொற்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், 1960களில் பாலர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் கவனித்து, வளர்ப்பில் மூன்று வகை கண்டார். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ‘அத்தாரிட்டேரியன்’. பிள்ளைக்கு எல்லை வகுத்து, அந்த எல்லைக்கான காரணத்தையும் சொல்லி, பிள்ளையின் மறுப்பையும் காதில் வாங்கிக்கொள்பவர்கள் ‘அத்தாரிட்டேட்டிவ்’. எல்லையே வைக்காதவர்கள் ‘பெர்மிசிவ்’. 1983இல் எலினார் மக்காபி, ஜான் மார்ட்டின் என்ற உளவியலாளர் இருவரும் இந்த வகைகளை இரண்டு அளவுகோல்களில் அடுக்கினார்கள்: பிள்ளையிடம் பெற்றோர் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள், பிள்ளையின் தேவைக்கு எவ்வளவு செவிசாய்க்கிறார்கள். இரண்டுமே குறைந்த வீடு நான்காவது வகையாயிற்று.

முதல் இரண்டு சொற்களும் ‘அத்தாரிட்டி’ என்ற ஒரே மரத்தின் கிளைகள். அதன் வேர் லத்தீனில் ‘அவுகேரே’ என்ற வினை. அதன் பொருள் ‘பெருகச்செய், வளரச்செய்’. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆங்கிலச் சொல்லின் அடியாழத்தில் கிடப்பது அதட்டல் அல்ல, வளர்ப்புதான். நம் ‘அதிகாரம்’ அப்படிப்பட்டதல்ல. வடமொழியில் ‘அதி’ என்ற முன்னொட்டு ‘மேல்’ என்று பொருள்படும். மேலிருந்து ஆளும் உரிமை அதிகாரம். நூலின் பெரும்பிரிவையும் அதே சொல்லால் குறிக்கிறோம் என்றாலும், வீட்டில் ‘அதிகாரம் பண்ணுகிறார்’ என்று ஒருவர் சொன்னால் அதைப் பாராட்டாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சொல்லை நல்ல வளர்ப்புக்குப் பெயராக வைத்தால், ஒரு பாதிப் பெற்றோர் மிரள்வார்கள். மறு பாதியினர் அந்தத் தந்தையைப் போலக் கோடு போட்டு வைத்துக்கொள்வார்கள்.

இனி ‘பேரன்ட்டிங்’. லத்தீனில் ‘பெறு, ஈன்றெடு’ என்ற வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘பேரன்ட்’. நம் ‘பெற்றோர்’ அச்சு அசல் அதே கட்டுமானம். அந்தப் பெயரை மீண்டும் வினையாக்கி ஆங்கிலம் பரவலாகப் புழங்கத் தொடங்கியது 1970களில்தான். தமிழில் ‘பெற்றோர்’ என்பதிலிருந்து அப்படி ஒரு வினையை இழுக்க முடியாது, இழுக்கவும் தேவையில்லை. ‘பெற்றோரியல்’ என்று வைத்தால் அது ஒரு படிப்பின் பெயராகிவிடும். நம்மிடம் ‘வளர்ப்பு’ இருக்கிறது. ஆனால் தனியே நின்றால் அது கோழி வளர்ப்புக்கும் பொருந்தும். ‘வளர்ப்பு மகள்’ என்று சேரும்போது பெற்ற மகள் அல்ல என்றும் பொருள் தரும். ‘குழந்தை வளர்ப்பு’ என்றால் தொட்டிலும் பால்புட்டியும்தான் மனத்தில் வரும். பதினைந்து வயதுக்காரனைக் குழந்தை என்றால் அவன் முகம் சுளிப்பான். ‘பிள்ளை’ என்ற சொல்லுக்கு வயது வரம்பு இல்லை. ஆகவே பொதுப்பெயராகப் ‘பிள்ளை வளர்ப்பு’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இன்னும் பழைய சொல் வேண்டுமென்றால் ‘புறந்தருதல்’ உண்டு. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் பாடுகிறார். பெறுவது வேறு, பேணிக் காத்து வளர்ப்பது வேறு என்று பிரித்து, இரண்டையும் ஒரே வரியில் வைத்த பாட்டு அது. அழகான சொல். ஆயினும் துண்டறிக்கையில் அதைப் போட்டால் அடிக்குறிப்பும் போட வேண்டியிருக்கும்.

‘பேரன்ட்டிங் ஸ்டைல்’ என்ற தொடரில் வரும் ‘ஸ்டைல்’ என்பதற்குப் பலரும் ‘முறை’ என்று எழுதுகிறோம். அங்கேயும் ஒரு நுணுக்கம் நழுவுகிறது. நான்சி டார்லிங், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர் இருவரும் 1993இல் இதைத் தெளிவாகப் பிரித்தார்கள். வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்பது ஒரு செயல். அதை எந்தக் குரலில், எந்த முகத்தோடு கேட்கிறோம், அந்த வீட்டில் எப்போதும் எந்த மாதிரியான காற்று வீசுகிறது என்பதுதான் ‘ஸ்டைல்’. ஒரே கேள்வி ஒரு வீட்டில் அக்கறையாகவும் இன்னொரு வீட்டில் விசாரணையாகவும் ஒலிப்பது அதனால்தான். ‘முறை’ செயலைச் சுட்டுகிறது. இதற்குப் ‘பாங்கு’ பொருத்தமாக இருக்கிறது: வளர்ப்புப் பாங்கு.

இப்போது பிள்ளையின் பக்கம். ‘அடோலசன்ஸ்’ என்பதற்கு வேர், ‘வளர்ந்து வா’ என்ற லத்தீன் வினை. தமிழில் ‘வளரிளம் பருவம்’ என்று யார் முதலில் எழுதினாரோ, அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் இளமை, வேரும் பொருளும் இரண்டும் தப்பவில்லை. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை இப்பருவம் என்கிறது. இந்த வயதினரில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகவும் அது மதிப்பிடுகிறது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஐந்தாறு பேர்.

தமிழ் இலக்கணம் இங்கே ஒரு அருமையான வேறுபாட்டைக் கையில் தருகிறது. பிள்ளை வளர்கிறது, பெற்றோர் வளர்க்கிறார்கள். ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. கைக்குழந்தையிடம் ‘வளர்க்கிறோம்’ என்பதே பெரும்பங்கு. பதினான்கு, பதினைந்தில் ‘வளர்கிறான்’ என்பது முந்திக்கொள்கிறது. "தோளுக்கு மிஞ்சினால் தோழன்" என்று நம் வீடுகளில் சொல்வது இந்தத் திருப்பத்தைத்தான். தன்வினைக்கு இடம் விடாமல் பிறவினையே நீளும் வீட்டில் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது.

அது எப்படி முட்டுகிறது என்று காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது 1991இல் வந்தது. சூசி லாம்போர்ன், ஸ்டைன்பெர்க் முதலியோர் விஸ்கான்சின், கலிஃபோர்னியா மாநிலங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ள சுமார் 4,100 மாணவர்களிடம் அவர்கள் வீட்டைப் பற்றியும் மனநிலையைப் பற்றியும் கேட்டார்கள். எல்லையும் அன்பும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலான அளவுகளில் நன்றாக இருந்தார்கள். இரண்டுமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் நிலை மிக மோசம். கட்டளையால் நடக்கும் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய முடிவுதான் என்னை அதிகம் பாதித்தது. அவர்கள் பள்ளியில் சரியாக நடந்துகொள்கிறார்கள், சொன்னபடி செய்கிறார்கள், வம்புக்குப் போவதில்லை. ஆனால் தங்களைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கும் உறவினருக்கும் அது ‘நல்ல பிள்ளை’. உள்ளே என்ன நடக்கிறது என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. மிகையான செல்லத்தில் வளர்ந்தவர்களுக்குத் தன்னம்பிக்கை குறையவில்லை. போதைப் பழக்கமும் பள்ளி ஒழுங்கு மீறலும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். பிள்ளையின் மனச்சோர்வுக்குப் பெற்றோரே காரணம் என்று தீர்ப்பு எழுத இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே சிடுசிடுக்கும் பிள்ளையிடம் பெற்றோரும் கடுமையாகிவிடுகிறார்கள். தொடர்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற பழிச்சொல் நம் ஊரில் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. அதற்கு ஆய்வின் பெயரால் இன்னொரு கல்லை எடுத்துக் கொடுப்பது கொடுமை.

‘கண்டிப்பு’ என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும். அதன் வேர் வெட்டுதல். ‘துண்டம்’ என்ற பொருளில் வழங்கும் ‘கண்டம்’ அதே குடும்பம். ஆனால் "கண்டிப்பாக வருகிறேன்" என்று நாம் சொல்லும்போது அதில் வெட்டும் இல்லை, அதட்டலும் இல்லை. உறுதி இருக்கிறது. வளர்ப்பில் பிள்ளைக்குத் தேவைப்படும் கண்டிப்பு இந்த இரண்டாவது கண்டிப்புதான்: நேற்று சொன்ன விதி இன்றும் இருக்கும், அப்பாவுக்கு அலுவலகத்தில் நாள் எப்படிப் போனது என்பதைப் பொறுத்து அது மாறாது என்ற உறுதி. சீனத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. ‘குவான்’ என்றால் ஆளுதல், கட்டுப்படுத்துதல்; அக்கறையோடு கவனித்துக்கொள்ளுதலும் அதுவே. அமெரிக்காவில் வாழும் சீனக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் சாவோ, 1994இல் இந்தச் சொல்லை முன்வைத்து, ஐரோப்பிய வழியினரைப் பார்த்து உண்டாக்கிய ‘அத்தாரிட்டேரியன்’ என்ற முத்திரையைச் சீனப் பெற்றோர் மீது அப்படியே குத்துவது சரியல்ல என்று வாதிட்டார். நம் கண்டிப்பையும் அதே கவனத்தோடுதான் அளக்க வேண்டும். கண்டிப்பான அப்பா எல்லாருமே கொடுமைக்காரர் என்பது பொய்.

எது உண்மையில் உள்ளத்தை அறுக்கிறது என்பதை 1996இல் பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் இன்னும் கூர்மையாகப் பிரித்துக் காட்டினார். பிள்ளையின் நடத்தையைக் கட்டுப்படுத்துவது ஒன்று. அதன் மனத்தைக் கட்டுப்படுத்துவது வேறொன்று. "ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடு" என்பது முதல் வகை. மதிப்பெண் குறைந்த நாளில் சாப்பாட்டுத் தட்டை ஒரு வார்த்தையும் பேசாமல் முன்னால் வைத்துவிட்டு, மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது இரண்டாம் வகை. "உனக்காகத்தானே இந்த வயதிலும் நான் இப்படி ஓடுகிறேன்" என்று ஒவ்வொரு பேச்சையும் முடிப்பதும் அதுவே. இதில் ஓர் அடிகூட விழுவதில்லை, குரல்கூட உயர்வதில்லை. ஆனால் பதின்பருவ மனச்சோர்வோடு சேர்ந்தே தென்படுவது இந்த வகைதான். இதற்குப் பலர் ‘உளவியல் கட்டுப்பாடு’ என்கிறார்கள். சுயகட்டுப்பாடு என்பது போல அது ஒரு நற்குணமாக ஒலிக்கிறது. ‘மனத்தைப் பிணைத்தல்’ என்றால் செயலின் கனம் தெரியும்.

‘மானிட்டரிங்’ என்பதற்கு வழங்கும் ‘கண்காணிப்பு’ மீதும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகளை மேய்த்த ‘கங்காணி’ இந்தக் கண்காணியின் மருஉதான். பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு பழகுகிறது என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தீங்கு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. அந்தத் தெரிதல் எங்கிருந்து வருகிறது என்று ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் தேடியவர்கள் ஹோக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர். 2000இல் அவர்கள் வெளியிட்ட விடை: பெரும்பாலும் பிள்ளை தானாக வந்து சொல்வதால் தெரிகிறது, துருவித் துருவிக் கேட்பதாலும் வேவு பார்ப்பதாலும் அல்ல. ஆக அந்த இடத்தில் தமிழில் வேண்டியது ‘அறிந்திருத்தல்’ என்ற எளிய சொல். கைபேசியை எடுத்து நோண்டும் பெற்றோருக்குக் கண்காணிப்பு என்ற சொல் ஒரு சான்றிதழாகிவிடக் கூடாது.

மற்ற இரண்டு வகைகளுக்கு அதிகம் தேட வேண்டியதில்லை. ‘இடங்கொடுத்தல்’ என்று நாம் அன்றாடம் சொல்வது ‘பெர்மிசிவ்’ என்பதன் நேர்ப்பொருள். ‘இடங்கொடுக்கும் வளர்ப்பு’ போதும். ‘தண்ணீர் தெளித்துவிட்டேன்’ என்று கைகழுவும் நான்காம் வகை ‘பாராமுக வளர்ப்பு’. 1969இல் ஹைம் கினாட் எழுதிய நூலில், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போல அம்மா வட்டமிடுவதாக ஒரு பிள்ளை சொன்னதிலிருந்து கிளம்பிய ‘ஹெலிகாப்டர் பேரன்ட்டிங்’ என்பதற்குப் ‘பொத்திப் பொத்தி வளர்த்தல்’ நம்மிடம் எப்போதோ இருக்கிறது.

சிக்கலான முதல் இரண்டுக்கும் நான் வந்து நின்ற இடம் இது: கட்டளையால் நடப்பது ‘ஆணைவழி வளர்ப்பு’, காரணம் சொல்லி எல்லை வகுப்பது ‘நெறிவழி வளர்ப்பு’. நெறி என்றாலே பாதை. பாதையைக் காட்டுபவர் முன்னால் நடக்கிறார், நடக்கிற கால்கள் பிள்ளையுடையவை. மேடையில் இரண்டையும் வேகமாகச் சொன்னாலும் காது குழம்பாது.

ஆனால் அந்தக் கூட்டத்தன்று இந்தச் சொற்கள் எதுவும் என்னிடம் இல்லை. என் சொல்தேர்வில் இருந்த பிழையை அந்தத் தந்தையிடம் ஒப்புக்கொண்டு, இரண்டாம் பக்கத்தின் பொருளை எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படிப்பட்ட அப்பாவை என்னவென்று சொல்வது? அதற்குத் தமிழில் பெயர் இல்லையா?" என்றார். நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அதுவரை வாய் திறக்காத மகன், தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "சொன்னால் கேட்கிற அப்பா."

பிள்ளைகளைப் பற்றி மட்டுமே நாம் சொல்லும் தொடர் அது. அந்தத் தந்தை கையிலிருந்த துண்டறிக்கையை மீண்டும் பிரித்து, மூன்றாம் பக்கத்தை நின்றபடியே படிக்கத் தொடங்கினார்.