ராத்திரி 2 மணிக்கு ஒரு தாய் தேடுவது

இணையத்தில் உடல்நலக் கட்டுரைகளை எழுதுவதும் திருத்துவதும் என் தொழில். கட்டுரைக்கு முன்னால், எதை எப்படி எழுத வேண்டும் என்று வாடிக்கையாளர் தரும் குறிப்பு எங்களுக்கு வரும், அதற்கு ‘பிரீஃப்’ என்று பெயர். சில மாதங்களுக்கு முன் வந்தது இது: கீவேர்டு, அதாவது இணையத்தில் தேடுபவர் தட்டும் சொல், ‘குழந்தை காய்ச்சல் மருந்து’. 1,500 சொற்கள். கீவேர்டு மொத்தம் 12 முறை வர வேண்டும், முதல் பத்தியிலேயே இரண்டு முறை.

எழுதியவர் சொன்னபடியே செய்திருந்தார். காய்ச்சல் என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும் என்று போய், ஒன்பதாவது துணைத்தலைப்பில்தான் மருந்தின் அளவு வந்தது. அதுவும் ஒரே வரி: ‘பாராசிட்டமால் சிரப் 5 மி.லி. கொடுக்கலாம்.’

அந்த வரியைப் படித்ததும் பதறிவிட்டேன். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. 5 மி.லி.க்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மில்லிகிராம். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரைதான் தேவை. 125 மில்லிகிராம் சிரப்பில் 5 மி.லி. எடுத்தால் சரியான அளவு. சொட்டு மருந்தில் அதே 5 மி.லி. எடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். இப்படி அளவு மீறுவது கல்லீரலைப் பாதிக்கும்.

இந்தப் பக்கத்தை யார் திறப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி 2 மணி, தோளில் அனலாகக் கொதிக்கும் பிள்ளை, ஒரு கையில் போன், எதிரே மேசையில் பாதி தீர்ந்த பாட்டில். அந்தத் தாய்க்குக் காய்ச்சலின் வரலாறு எதற்கு? 1,500 சொற்களை நிரப்ப முடிந்த எங்களுக்கு, பாட்டிலின் லேபிளைப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

தமிழில் இந்தக் கீவேர்டு கணக்கு இன்னொரு கெடுதலும் செய்கிறது. நம் சொற்கள் வேற்றுமை ஏற்று உருமாறுபவை. காய்ச்சலுக்கு, காய்ச்சலால், காய்ச்சலின்போது என்றெல்லாம் எழுதினால், நாங்கள் பயன்படுத்திய எண்ணும் கருவி அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கருவி பச்சை விளக்கு காட்ட வேண்டுமே என்று எழுதுபவர் உருபை உதறிவிடுவார். ‘குழந்தை காய்ச்சல் மருந்து கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை.’ இது தமிழா? பேசினால் ஒரு பிள்ளைகூட இப்படிப் பேசாது.

இத்தனையும் யாருக்காக? தேடுபொறிக்காக என்பார்கள். ஆனால் பக்கத்தின் உள்ளே ஒளித்து எழுதும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. கூகுளின் தேடல் முறையில் 2011-ல் வந்த ‘பாண்டா’ மாற்றம் சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. தேடும் வாக்கியத்தின் பொருளைப் புரிந்துகொள்ள உதவும் ‘பெர்ட்’ என்ற தொழில்நுட்பம் 2019 டிசம்பரில் தமிழ் உட்பட 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு வந்தது. 2022-ல் மனிதருக்குப் பயன்படும் உள்ளடக்கத்துக்கென்றே தனி மாற்றம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தங்களுக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை என்று எதுவும் இல்லை என்றும் அவர்களுடைய வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்புறமும் எங்கள் பிரீஃபில் 1,500 நின்றுகொண்டுதான் இருக்கிறது.

கீவேர்டே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அது ஒரு மனுஷி அவசரத்தில் பாதி கேட்ட கேள்வி. ‘2 வயசு குழந்தை காய்ச்சல் எவ்வளவு மருந்து’ என்று தட்டுகிறார்கள். ‘ஜுரம்’ என்றும் தேடுகிறார்கள். அந்தப் பட்டியலை நான் ஆசையாகப் படிப்பேன், ஜனங்கள் எந்தச் சொல்லில் பயப்படுகிறார்கள் என்று அதில் தெரியும். தலைப்பில் அவர்களுடைய சொல் இருக்கட்டும். கீழே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். கேள்வியையே 12 முறை திருப்பிச் சொல்வதில் யாருக்கு என்ன லாபம்?

அந்தக் கட்டுரையைக் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடம் காட்டி, முதலிலிருந்து எழுதினோம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்பதுதான் முதல் வரி. அடுத்தது, எடையும் லேபிளும் பார்த்து அளவு கணக்கிடும் சின்ன அட்டவணை. வீட்டுக் கரண்டியில் ஊற்றாமல் பாட்டிலோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளக்கச் சொன்னோம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போட்டோம்.

480 சொற்களில் முடிந்துவிட்டது. இன்னும் ஆயிரம் சொல் பாக்கி என்று வாடிக்கையாளர் கேட்டார். பழைய பக்கத்தையும் புதியதையும் அவர் போனிலேயே திறந்து, மருந்தின் அளவைக் கண்டுபிடியுங்கள் என்று கொடுத்தேன். பழையதில் விரலால் தள்ளிக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்திவிட்டு, சரி, புதியதையே போடுங்கள் என்றார்.