லாங்யர் பார்த்த கருப்புக் கோடு

ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் மரமே கிடையாது. அங்கே வளரும் துருவ வில்லோ தரையோடு படர்ந்து கிடக்கும். நிமிர்ந்தால் கணுக்கால் உயரம்கூட வராது. வட துருவத்திலிருந்து சுமார் 1,300 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊரில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? 1901இல் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு அந்தத் தீவுக்கு வந்த ஓர் அமெரிக்கர் நிலக்கரியைக் கவனித்தார். மரமே இல்லாத மண்ணில், மரஞ்செடிகள் செத்துப் புதைந்தால் உண்டாகும் பொருள்!

அவர் ஜான் மன்ரோ லாங்யர். ஊர் மார்க்கெட், மிச்சிகன் மாநிலத்தில் சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் உள்ள சின்ன ஊர். (பெயரைப் பார்த்துச் சந்தை என்று நினைத்துவிட வேண்டாம், அது ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயர்.) லாங்யர் அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தவர். ஆனால் அவர் தொழில், காட்டுக்குள் நடந்து நடந்து நிலத்தை மதிப்பிடுவது. எந்த மண்ணில் என்ன மரம், எந்தப் பாறையில் என்ன தாது என்று பார்த்துச் சொல்லிச் சொத்து சேர்த்தவர்.

மார்க்கெட் வட்டாரமே அப்படி நிலத்தைப் படித்துப் பிழைத்த வட்டாரம்தான். 1844இல் வில்லியம் பர்ட் என்ற நில அளவையாளர் அந்தப் பக்கம் அளந்துகொண்டிருந்தபோது, திசைகாட்டியின் ஊசி வடக்கை விட்டுவிட்டுக் கண்டபடி திரும்பியது. காலடியில் இரும்புத் தாது. பூமியின் காந்தப்புலத்தைவிடப் பக்கத்திலிருந்த பாறையின் இழுப்பு ஊசிக்கு வலுவாக இருந்தது. சூரியனை வைத்துத் திசை பார்க்கும் கருவி ஒன்றை பர்ட் ஏற்கெனவே உருவாக்கியிருந்ததால் வேலை நிற்கவில்லை. 1849இல் மார்க்கெட் உருவானது, 1855இல் ஏரிகளை இணைக்கும் கப்பல் மதகு திறந்தது, தாது வெளியே போகத் தொடங்கியது.

கப்பலில் தாது ஏற்றிய விதம் எளிமையானது. ஏரிக்குள் நீளும் உயரமான மேடை கட்டி, அதன் உச்சியில் ரயில் பெட்டிகளைக் கொண்டுபோய், கீழே உள்ள அறைகளில் தாதுவைக் கொட்டிவிடுவார்கள். கப்பல் பக்கத்தில் வந்து நின்றதும் சரிவுத் தகடுகளை இறக்கினால் போதும். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

சரி, தீவுக்கு வருவோம். அங்கே நிலக்கரி எப்படி வந்தது?

பலரும் சட்டென்று சொல்லும் பதில், கண்டங்கள் நகர்ந்தன, அந்தத் தீவு ஒரு காலத்தில் வெப்பமண்டலத்தில் இருந்தது என்பது. பாதி சரி. அதே தீவின் பிரமிடன் என்ற சுரங்க ஊரில் கிடைத்த நிலக்கரிக்கு இந்தப் பதில் பொருந்தும். அதன் வயது சுமார் 35 கோடி ஆண்டுகள். அப்போது அந்த நிலம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தது. லாங்யர் தோண்டிய நிலக்கரியோ மிகவும் இளையது, சுமார் 6 கோடி ஆண்டுகள். டைனோசார்கள் அழிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நிலம் வெகுதூரம் வடக்கே வந்துவிட்டது. குளிர்காலத்தில் நீண்ட இருட்டும் உண்டு.

அப்படியானால் காடு எப்படி? பூமி மொத்தமும் அப்போது வெதுவெதுப்பாக இருந்தது, துருவத்தில் பனிப்பாளங்கள் இல்லை. வெயில் இல்லாத மாதங்களில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கின. மெட்டாசிகுவாயா போன்ற, ஊசியிலை இருந்தும் குளிரில் அதை உதிர்த்துவிடும் மரங்களும் அகல இலை மரங்களும் அங்கே வளர்ந்தன. இன்றும் பனியாறு தள்ளிக்கொண்டு வந்த கற்குவியலில் படிவுக் கல்லைப் பிளந்தால், நரம்பு நரம்பாக இலை பதிந்திருக்கும். எனக்கு இந்தத் தீவில் பார்க்க ஆசை இருப்பது பனிக்கரடியை அல்ல, அந்தக் கல்லைத்தான்.

அந்த மரங்கள் சதுப்பு நீரில் விழுந்தன. நீருக்கடியில் ஆக்சிஜன் குறைவு, அதனால் முழுதாக மக்கவில்லை. மேலே மணலும் சேறும் படிந்து அழுத்த, பூமியின் சூடும் சேர, பல மீட்டர் தடிமனான மக்கல் ஒரு மீட்டருக்கு முன்பின்னான நிலக்கரி அடுக்காகச் சுருங்கியது. அடுக்குகள் அதிகம் சாயாமல் ஏறக்குறைய படுக்கையாகவே கிடந்தன. பின்னால் பனியாறுகள் வந்து பள்ளத்தாக்குகளைச் செதுக்கியபோது, கேக்கை வெட்டினால் நடுவில் க்ரீம் தெரிவதுபோல மலைச் சரிவின் பாதி உயரத்தில் கருப்புக் கோடு தெரிந்தது. மூடி மறைக்கச் செடிகொடியும் இல்லை. நிலம் பார்த்தே வாழ்ந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

1906இல் லாங்யரும் பங்குதாரர் ஃபிரெடரிக் ஏயரும் ஆர்க்டிக் கோல் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஆழக் கிணறு போல வெட்ட வேண்டியிருக்கவில்லை, மலைக்குள் பக்கவாட்டில் நுழைந்தாலே போதும். அடுக்கு மெல்லியது என்பதால் தொழிலாளிகள் படுத்தும் தவழ்ந்தும் வெட்டினார்கள். வெட்டிய கரி ரோப் கார் போலக் கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் கடற்கரைக்கு இறங்கியது. மலையும் குளிரும் வேறு. ஆனால் உயரத்திலிருந்து கப்பலுக்கு என்ற கணக்கு மார்க்கெட்காரருக்குப் பழகியதுதான். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டக் கிளை ஒன்று தீவின் மேற்குக் கரையைத் தொட்டுப் போவதால், கோடையில் கப்பல் உள்ளே வர முடிந்தது.

உறைந்த மண் சுரங்கத்துக்கு நண்பன். அங்கே மலைக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம்வரை ஆண்டு முழுதும் உறைநிலைக்குக் கீழேதான். பாறை இடுக்கில் நீர் ஓடாது, இறைக்க வேண்டிய வேலை மிச்சம். ஆனால் காய்ந்த சூழலில் கரித்தூள் எளிதில் பறக்கும், பறக்கும் தூள் பற்றினால் வெடிக்கும். 1920 ஜனவரி 3 அன்று முதல் சுரங்கத்தில் அப்படி வெடித்து 26 பேர் இறந்தார்கள்.

வெளியே, வீடு கட்டப்போனால் அதே மண் பகைவன். கோடையில் மேலே ஒரு மீட்டர் அளவுக்கு உருகிச் சேறாகும், குளிரில் மறுபடி இறுகும். உறையும் மண் கீழிருந்து ஈரத்தை இழுத்துப் பனிக்கட்டியாக வளர்வதால் மண்ணில் புதைத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளப்படும். வீட்டுச் சூடு இறங்கினால் அடித்தளமே இளகும். அதனால் வீடுகள் கால்களின் மேல் நிற்கின்றன, அடியில் குளிர்காற்று போக இடம் விட்டு. குடிநீர்க் குழாய்களும் பெட்டி போட்டுத் தரைக்கு மேலேதான் ஓடுகின்றன.

1918இல் இன்ஃபுளுவென்சாவில் இறந்த ஏழு இளைஞர்கள் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். உறைந்த உடல்களில் அந்த வைரஸ் கிடைக்குமா என்று 1998இல் ஒரு விஞ்ஞானிகள் குழு தோண்டிப் பார்த்தது. சவப்பெட்டிகள் உறைந்த அடுக்கில் இல்லை. ஆண்டுதோறும் உருகி உறையும் மேல் மண்ணிலேயே கிடந்தன, எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் தொழில் நடத்துவது கடினமாக, 1916இல் கம்பெனி நார்வேக்காரர்களுக்கு விற்கப்பட்டது. சுரங்கத்தை ஒட்டி எழுந்த ஊரின் லாங்யர் சிட்டி என்ற பெயர் பின்னால் லாங்யர்பியன் ஆயிற்று. நார்வே மொழியில் 'பியன்' என்றால் ஊர். 1920 ஒப்பந்தம் தீவை நார்வேக்குக் கொடுத்தது, கையெழுத்திட்ட நாட்டவர் எல்லோருக்கும் அங்கே தொழில் செய்ய உரிமையும் கொடுத்தது. பிரிட்டன் அப்போது இந்தியாவின் பெயராலும் கையெழுத்திட்டது. அதே தீவில் நி-ஓலசுண்ட் என்ற ஊரில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. அதுவும் ஒரு பழைய நிலக்கரி ஊர்தான். 1962இல் 21 பேரைக் கொன்ற வெடிப்புக்குப் பின் சுரங்கம் மூடப்பட்டது.

லாங்யர்பியனின் மூன்றாம் சுரங்கத்துக்குள் 1984 முதலே விதைகளை உறைய வைத்துப் பாதுகாத்தார்கள். உலக விதைப் பெட்டகம் 2008இல் அதன் அருகே மலைக்குள் திறக்கப்பட்டது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. ஊரின் மின் நிலையம் 2023இல் கரியை விட்டு டீசலுக்கு மாறியது, கடைசி நார்வே சுரங்கமான ஏழாம் எண் 2025இல் மூடப்பட்டது. கம்பிவடம் தாங்கிய மரத்தூண்கள் மட்டும் சரிவில் நிற்கின்றன. 1946க்கு முந்தைய எதையும் அங்கே தொடக் கூடாது என்பது சட்டம், துருப்பிடித்த ஆணியாக இருந்தாலும்.

மார்க்கெட்டில் லாங்யரின் மாளிகையைத் தேடினால் கிடைக்காது. 1900இல் அவர் மகன் ஏரியில் மூழ்கி இறந்தான். அவன் நினைவாகப் பூங்கா அமைக்க நினைத்த கரையில் ரயில் பாதை வந்தது. கோபித்துக்கொண்ட லாங்யர் தம்பதி, மணற்கல்லில் கட்டிய அந்தப் பெரிய வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, ரயில் பெட்டிகளில் ஏற்றி, போஸ்டனுக்குப் பக்கத்தில் புரூக்லைனில் திரும்பக் கட்டினார்கள்.