டி.சி. வாங்குவதற்கு முன்

"ஸ்கூலை நிறுத்திட்டோம் மேடம், இனி வீட்டிலேயே படிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார் அந்த அப்பா. பையனுக்கு ஒன்பது வயது. பள்ளி நாள்களில் விடிந்தால் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை வராது. டி.சி. வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. வலி போய்விட்டதா என்று கேட்டேன். இல்லையாம். இப்போது அம்மா தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாலே வந்துவிடுகிறதாம்.

மதிப்பீடு செய்து பார்த்ததில் டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு என்று தெரிந்தது. காதால் கேட்ட கதையை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்கிறான். அதையே வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி நான்காவது வரியில் களைத்துப்போகிறான். பள்ளியில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலோ, மணி அடிக்காத குறைதான்: ஒன்பது மணிக்கு அதே நோட்டு, அதே 'பத்து தடவை எழுது'. பாவம், அவனுக்கு அம்மாவும் டீச்சராகிவிட்டார்.

நான் வீட்டுக் கல்விக்கு எதிரி இல்லை. சந்தைக்குக் கூட்டிப்போய்க் கணக்கு சொல்லித்தரும் பொறுமையுள்ள பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னிடம் வருபவர்களில் பலர் வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல, பள்ளியிலிருந்து தப்பித்து வந்தவர்கள். கேலிக்குப் பயந்த பிள்ளைக்கு வீடு கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும். ஆனால் வாசிப்புக் குறைபாட்டுக்கு எங்கே படித்தாலும் சிறப்புக் கல்வியாளர் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கேட்கலாம்.

சரி, வீடுதான் என்று முடிவானால் தேர்வு வழியை முதலிலேயே பார்த்துவிடுங்கள். என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது ஆகியிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் டி.சி.யையும் பத்திரமாக வையுங்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக் கல்விக்கென்று தனி ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனால் 6 முதல் 14 வயதுக்குள் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது வாசிப்புப் பயிற்சியைச் சிறப்புக் கல்வியாளர் பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்கு நான் கொடுத்த ஒரே வேலை, இரவில் கதை வாசித்துக் காட்டுவது. ஜூனில் பள்ளியா வீடா என்று இன்னும் முடிவாகவில்லை. வயிற்றுவலி மட்டும் குறைந்திருக்கிறது. கணக்கு நோட்டைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வருகிறதாம்.