ஆன்டி ஹீரோ: தமிழில் இவனுக்கு என்ன பெயர்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. முன்வரிசையில் உட்காரும் பன்னிரண்டு வயதுப் பையன் நோட்டுக்கு அடியில் ஒரு காமிக்ஸை வைத்திருந்தான். பல கை மாறி ஓரமெல்லாம் சுருண்டுபோன புத்தகம். பிடுங்க மனம் வரவில்லை, என்ன கதை என்று கேட்டேன். "ஆன்டி ஹீரோ மாதிரி ஒருத்தன். தமிழில் அதுக்கு என்ன வார்த்தை?" என்று திருப்பிக் கேட்டான். பலகையில் 'எதிர்நாயகன்' என்று எழுதினேன். "அப்போ வில்லனா?" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

அவன் கையில் இருந்தது 'க்வேஸி'. லொயிஸோ ம்கிஸே படைத்து 2014-இல் வெளிவரத் தொடங்கிய நம் நாட்டுக் காமிக்ஸ். ஸூலு மொழியில் இக்வேஸி என்றால் விடிவெள்ளி. கோல்டு சிட்டி என்ற கற்பனை நகரத்தில் வாழும் 19 வயது இளைஞனுக்கு அபார சக்தி வாய்க்கிறது. ஆனால் அவனுக்குத் தன் புகழ்தான் பெரிது. தான் யார், எந்த வழி வந்தவன் என்பது போகப்போகத்தான் அவனுக்கே தெரிகிறது. வில்லன் என்று அவனைச் சொல்லவே முடியாது. அப்பழுக்கற்ற நாயகன் என்றும் தொடக்கத்தில் சொல்ல முடியாது.

ஹீரோ, ஆன்டி இரண்டுமே கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆன்டி என்பதற்கு 'எதிராக' என்பது மட்டும் பொருளல்ல, கிரேக்கத்தில் 'பதிலாக' என்றும் பொருள் உண்டு. இந்த இரண்டாவது பொருளை நாம் கவனிப்பதில்லை. நாயகன் இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்குப் பதிலாக வந்து நிற்பவன்தான் ஆன்டி ஹீரோ. ஆங்கிலத்தில் இச்சொல் 1714-இலேயே அச்சேறிவிட்டது. 1864-இல் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி எழுதிய 'நிலவறைக் குறிப்புகள்' கதையின் முடிவில், ஆன்டி ஹீரோவின் குணங்கள் எல்லாம் வேண்டுமென்றே இங்கே திரட்டப்பட்டிருப்பதாகக் கதை சொல்லும் நிலவறை மனிதனே சொல்கிறான். காமிக்ஸில் 1939-இலேயே பில் எவரெட்டின் நேமோர் வந்துவிட்டான். தாய் கடலடி இளவரசி, தந்தை அமெரிக்கக் கப்பல் தலைவர். தரை மனிதர்கள் மேல் கோபத்தோடு நியூயார்க்கைத் தாக்கியவன், பிறகு நாஜிகளோடு மோதினான்.

சரி, தமிழுக்கு வருவோம். காப்பியத்துக்கு 'தன்னிகர் இல்லாத் தலைவன்' வேண்டும் என்கிறது தண்டியலங்காரம். அந்த அளவுகோலுக்குள் அடங்காதவனுக்கு நாம் வைத்த பெயர் எதிர்நாயகன். ஆனால் சினிமா விமர்சனங்களில் வில்லனையும் அப்படியே எழுதுகிறார்கள். ஒரே சொல் இரண்டு பேரைச் சுமந்தால் பையன் குழம்பத்தான் செய்வான். எதிர்த்தலைவன் என்றால் அரசியல் வாடை அடிக்கிறது.

எனக்குப் பிடித்தது முரண்நாயகன். முரண் என்றால் மாறுபாடு, அது எல்லோருக்கும் தெரியும். பழந்தமிழில் அதற்கு வலிமை, போர் என்ற பொருள்களும் உண்டு. ஒத்துப்போகாத குணமும் அடங்காத பலமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆங்கிலச் சொல்லில் இல்லாத வளம் இது. பெண்ணானால் முரண்நாயகி. புணர்ச்சி விதிப்படி முரணாயகன் என்று சேர்த்தும் எழுதலாம், ஆனால் பிரித்து எழுதினால் பிள்ளைகளுக்குப் பொருள் பளிச்சென்று தெரியும்.

அப்புறம், இவன் எப்படி இப்படி ஆனான் என்று சொல்லும் ஆரிஜின் ஸ்டோரி. 'தோற்றக் கதை' என்கிறார்கள். தோற்றம் என்றதும் முதலில் முகமும் உடையும்தான் நினைவுக்கு வருகின்றன. 'பிறப்பு வளர்ப்பு' என்றால் இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

வகுப்பில் மதுரை வீரனைச் சொன்னேன். கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காசி அரசன் காட்டில் விடச்சொன்ன பிள்ளை. செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தான். பொம்மியைச் சிறையெடுத்தான். மதுரையில் திருடர்களை அடக்கினான். கடைசியில் வெள்ளையம்மாளைச் சேர்ந்த பழியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். செத்தவன் சாமியானான். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கொண்டுவந்த சாமிகளில் அவனும் ஒருவன்.

பையன் காமிக்ஸை மூடினான். பாட்டி வீட்டுப் பின்புறத்தில் படையல் போடுவது இந்தச் சாமிக்குத்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். நோட்டைத் திறந்து 'முரண்நாயகன்' என்று எழுதினான். றன்னகரமா டண்ணகரமா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, சரியாகவே எழுதினான்.