"நான் செய்து என்ன மாறப்போகுது?"

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை, பிறகு பல்கலைக்கழக அனுமதி வரும்வரை என்று கொழும்பில் நம் பிள்ளைகள் பலர் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். உளவளத்துணைக்கு வருபவர்களிடம் அந்நாட்களில் அதிகம் கேட்கும் பேச்சு, "நான் செய்து என்ன மாறப்போகுது?" என்பதுதான். அந்த எண்ணம் வேரூன்றினால் நித்திரை குழம்பும், கூட்டாளிகளோடு பேச்சுக் குறையும். புத்திமதி அங்கே எடுபடாது. தான் கைவைத்த ஒன்று மாறியதைக் கண்ணால் காண வேண்டும். பொதுவேலை மனதுக்குத் துணை நிற்பது இந்த இடத்தில்தான்.

எந்தப் பொதுவேலையும் சரி என்று சொல்வதற்கில்லை. அமெரிக்கப் பதின்ம வயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், வாக்களித்தவர்களுக்கும் தொண்டு செய்தவர்களுக்கும் பின்னாளில் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. போராட்டங்களில் இறங்கியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. போராட்டம் போலப் பலன் தள்ளிப்போகும் வேலைக்குப் பக்கத்துணை கூடுதலாக வேண்டும் என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

ஆகவே சிறிதாகத் தொடங்கலாம். உதாரணத்துக்கு, மட்டக்குளியில் ஒரு தொடர்மாடி, அதன் அடைபட்ட கான் (வடிகால்). நாலைந்து பேர் போதும். திகதியோடு படம் எடுத்து, மாநகர சபைக்குத் தமிழிலேயே கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாமல் பல முயற்சிகள் பாதியில் நின்றுபோகின்றன. "கடிதம் கிடைக்கவில்லை" என்று சபை சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "ஏன் துப்புரவு செய்யவில்லை?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். கடைசியாகத் துப்புரவு செய்த திகதி, அதன் பதிவேட்டுப் பிரதி, பொறுப்பான அலுவலரின் பதவி ஆகியவற்றைக் கேளுங்கள்.

பெரியவர்கள் கெடுக்கும் இடமும் உண்டு. முடிவை எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு டீசேர்ட் போட்டுப் படத்துக்கு நிறுத்துவது. பிள்ளைகள் எந்தளவு உண்மையாகப் பங்கெடுக்கிறார்கள் என்பதைப் படிப்படியாகக் காட்ட ரொஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் வகுத்த பங்கேற்பு ஏணியில் இப்படி அலங்காரத்துக்கு நிறுத்துவது கீழ்ப்படிகளில் ஒன்று. அதை அவர் பங்கேற்பாகவே கணக்கெடுக்கவில்லை. எந்தக் கானை எடுப்பது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.

நள்ளிரவிலும் வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பது, சாப்பாடு தவறுவது, ஒவ்வொரு தாமதத்தையும் தன் தோல்வியாக எடுப்பது ஒரு பிள்ளையிடம் தெரிந்தால் வேலையை மற்றவரிடம் கொடுத்துவிட்டுச் சில நாள் ஒதுங்கச் சொல்லுங்கள். இரண்டு வாரமாகியும் அப்படியே இருந்தால் 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.