ஆட்டம் முடிந்தும் எழாத கூட்டம்

2019 மார்ச் 21, வியாழக்கிழமை இரவு. டோக்கியோ டோம் அரங்கில் பேஸ்பால் ஆட்டம் 12 இன்னிங்ஸ் வரை இழுத்து, சியாட்டில் மரைனர்ஸ் அணி ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணியை 5-4 என்று வென்று முடிந்துவிட்டது. மறுநாள் வேலைநாள். கடைசி ரயிலுக்கு நேரமாகிறது. மைதானம் வெறிச்சோடிக் கிடக்கிறது, பார்க்க எதுவும் இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் எழுந்து போகவில்லை. கைதட்டல் ஓயவில்லை. இடையிடையே "இச்சிரோ, இச்சிரோ" என்று ஒரே குரலாய் அழைப்பு. சுமார் 20 நிமிடம் கழித்து, சட்டையில் 51 என்ற எண் கொண்ட அந்த மனிதர் தனியாக வெளியே வந்து, தொப்பியைக் கையில் எடுத்து, மைதானத்தைச் சுற்றி நடந்தார்.

இந்தக் காட்சியின் காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் மனம் நெகிழும். கூடவே ஒரு கேள்வியும் எழும். இத்தனை பேரை அங்கே யார் வழிநடத்தினார்கள்? "இப்போது தட்டுங்கள், இன்னும் நிறுத்தாதீர்கள்" என்று யாரும் சொல்லவில்லையே. ஒரு கூட்டம் தானாகவே எப்படி ஒரே உயிர்போல நடந்துகொள்கிறது?

இச்சிரோ சுசூகி யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் பேஸை (ஓடி எட்ட வேண்டிய முதல் நிலையை) தொடுவதை பேஸ்பாலில் 'ஹிட்' என்பார்கள். அவர் ஜப்பானியத் தொழில்முறை ஆட்டங்களில் 1,278 ஹிட், அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 3,089 ஹிட், ஆக 4,367 அடித்தவர். 2004இல் ஒரே பருவத்தில் 262 ஹிட் அடித்து, 1920 முதல் யாராலும் தாண்ட முடியாதிருந்த 257 என்ற சாதனையைத் தாண்டியவர். 2018 மே மாதத்துக்குப் பிறகு ஆட்டத்தில் இறங்காமல் அணியோடு தினமும் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தார். அதன்பின் இறங்கியது இந்த 2 டோக்கியோ ஆட்டங்களில்தான். அப்போது அவருக்கு வயது 45.

அந்த 2 ஆட்டங்களிலும் அவருக்கு ஒரு ஹிட்கூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியானது. 8ஆவது இன்னிங்ஸில் கடைசி முறையாக மட்டை பிடித்து, தரையோடு உருண்ட பந்தை அடித்துவிட்டு முதல் பேஸை நோக்கி ஓடினார். பந்து அவரை முந்திக்கொண்டது. பிறகு வழக்கமான இடமான ரைட் ஃபீல்டுக்கு, அதாவது மைதானத்தின் வலதுபுறக் கோடிக்குப் போய் நின்றார். மேலாளர் ஸ்காட் சர்வைஸ் அவரைத் திரும்ப அழைத்தார். சக ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் கட்டித் தழுவியபடி அவர் உள்ளே போனார். அன்றுதான் மேஜர் லீக்கில் முதல் முறையாகப் பந்து வீசத் தொடங்கிய யூசெய் கிக்குச்சி குலுங்கிக் குலுங்கி அழுதார். 46,000க்கும் மேற்பட்டோர் எழுந்து நின்றிருந்தார்கள்.

முதலில் ஒற்றைக் கைதட்டலிலிருந்து தொடங்குவோம். இரண்டு உள்ளங்கைகளைத் தட்டையாக வைத்து ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'பட்' என்று கூர்மையாகக் கேட்கும். இப்போது கைகளைக் கிண்ணம்போலக் குவித்துத் தட்டுங்கள். 'பொத்' என்று ஆழமாக ஒலிக்கும். தோலும் தோலும் மோதுவதால் வரும் சத்தம் என்றுதான் தோன்றும். ஆனால் அதில் பெரும்பங்கு காற்றினுடையது. கைகளுக்கு இடையில் சிக்கிய காற்று, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும்போது உள்ளே இருக்கும் காற்றும் அதிர்கிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஓசை எழும் அதே தத்துவம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேக கேமராவும் சிலிக்கோன் கை மாதிரிகளும் வைத்து இதை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். உள்ளே சிக்கும் காற்றின் அளவு பெரிதானால் சுருதி இறங்கும். ஆகவே ஒவ்வொருவர் கைதட்டலுக்கும் தனிக் குரல் உண்டு.

46,000 பேர் சேர்ந்து தட்டினால் ஒலி 46,000 மடங்காகக் கேட்பதில்லை. நம் காது பெருக்கலைக் கூட்டலாக்கித்தான் கேட்கிறது. தட்டுகிறவர்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால், சத்தத்தை அளக்கும் அலகான டெசிபலில் 3 கூடும். 10 டெசிபல் கூடினால்தான் 'இரண்டு மடங்கு சத்தம்' என்று நமக்குப் படும். எல்லோரும் ஒரே தொலைவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒருவர் தட்டுவதைவிட 46,000 பேர் தட்டுவது ஏறக்குறைய 47 டெசிபல் அதிகம். காதுக்கு அது சுமார் 25 மடங்கு.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டாலும் குறைவது வெறும் 3 டெசிபல்தான். மீதமிருப்பவர் காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. 'எல்லோரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்' என்ற உணர்வு கலையாது. டோக்கியோ டோமின் கூரை இதற்கு இன்னும் கை கொடுக்கும். தூண்களே இல்லாத துணிக்கூரை அது. உள்ளே காற்றழுத்தத்தை வெளியைவிட 0.3 சதவீதம் கூட்டி, அந்த அழுத்தத்தாலேயே கூரையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வெளியேறும் வாசலில் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். திறந்தவெளி மைதானமாக இருந்தால் வானத்துக்குப் போயிருக்கும் ஒலியில் ஒரு பங்கு இங்கே மறுபடி கூட்டத்தின் மேலேயே வந்து விழும்.

சரி, எப்படித் தொடங்குகிறது? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மான் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிறு சிறு மாணவர் குழுக்களை ஒரு சொற்பொழிவு கேட்கவைத்து, முடிவில் யார் எப்போது தட்டத் தொடங்குகிறார், எப்போது நிறுத்துகிறார் என்று காணொளியில் பதிவு செய்தார்கள். தொற்றுநோய் பரவும் அதே கணக்குதான் அங்கும் பொருந்தியது. ஒருவர் தட்டத் தொடங்கும் வாய்ப்பு, ஏற்கெனவே எத்தனை பேர் தட்டுகிறார்களோ அதற்கேற்ப ஏறுகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் தட்டுகிறாரா என்பதைவிட அறை முழுக்க எவ்வளவு ஒலிக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. கண்ணைவிடக் காதுதான் இங்கே வழிகாட்டி.

நிறுத்துவதும் தொற்றுதான். முதலில் ஓரிருவர் கையை இறக்குவார்கள். மற்றவர்களுக்கு அது அனுமதிபோல ஆகிவிடும். ஒரே தரமான பேச்சுக்குக்கூட ஒருமுறை குறுகிய கைதட்டலும் இன்னொருமுறை நீண்ட கைதட்டலும் கிடைப்பது இதனால்தான். முதலில் நிறுத்தும் ஆள் எப்போது வாய்க்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

இடையில் நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பகுதி. முதலில் மழைபோலச் சடசடவென்று கொட்டும் கைதட்டல், சற்று நேரத்தில் தானாகவே 'டம்... டம்... டம்' என்று ஒரே தாளத்துக்கு வந்துவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஜோல்தான் நேடா, தமாஷ் விச்சேக், ஆல்பர்ட் லாஸ்லோ பராபாசி உள்ளிட்ட இயற்பியலாளர்கள் ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் உள்ள நாடக, இசை அரங்குகளின் கூரையில் மைக்கைத் தொங்கவிட்டு இதைப் பதிவு செய்து, 2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள்.

அவர்கள் கண்டது இது. உற்சாகம் பொங்கும்போது ஆள் ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 4 முறை தட்டுகிறார். அந்த வேகத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம். ஒருவர் 3, ஒருவர் 5. அதனால் சேரவே முடியாது. தாளம் பிறக்க வேண்டுமானால் ஒவ்வொருவரும் தன் வேகத்தைப் பாதியாக, நொடிக்கு 2 என்ற அளவுக்கு இறக்கிக்கொள்கிறார். மெதுவாகத் தட்டும்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் சுருங்குகிறது. அப்போது ஒருவரையொருவர் கேட்டு அனுசரிப்பது எளிதாகிவிடுகிறது.

இதற்கான கணிதத்தை 1975இலேயே தந்தவர் ஒரு ஜப்பானியர், யோஷிகி குராமோட்டோ. ஆடிக்கொண்டிருக்கும் பல பொருள்கள் ஒன்றையொன்று சற்றே பாதித்தால் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. அவற்றின் இயல்பான வேகங்கள் மிகவும் சிதறியிருந்தால் ஒன்றும் ஆகாது. சிதறல் ஓர் எல்லைக்குக் கீழே வந்தால், திடீரென்று ஒரு பெரும்பகுதி ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்ளும். மரத்தில் கூட்டமாய் அமர்ந்து ஒன்றாய் மின்னும் மின்மினிகளுக்கும் இதே கணக்கைப் பொருத்திப் பார்க்கிறார்கள்.

ஆனால் தாளம் நெடுநேரம் நிலைப்பதில்லை. அதற்குக் காரணம் அன்புதான் என்று சொல்லத் தோன்றுகிறது எனக்கு. பாதி வேகத்தில் தட்டினால் மொத்தச் சத்தம் குறைகிறது. 'இது போதாது, இன்னும் பலமாகத் தட்ட வேண்டும்' என்று ஒவ்வொருவரும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டியதும் வேறுபாடு பெருகித் தாளம் உடைகிறது. மறுபடி மழை, மறுபடி தாளம். ஒற்றுமையாகவும் தட்ட வேண்டும், பலமாகவும் தட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காததால் கூட்டம் இரண்டுக்கும் நடுவே அலைகிறது.

பெரிய அரங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். டோக்கியோ டோமில் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து எதிர்ச் சுவரே 122 மீட்டர். இரு பக்க இருக்கைகளையும் சேர்த்து 200 மீட்டர் என்று வைத்தால், எதிர்ப்பக்கத்துக் கைதட்டல் நம் காதுக்கு வர 0.6 நொடி ஆகும். நொடிக்கு 2 முறை தட்டும் தாளத்தில் இரண்டு தட்டலுக்கு இடைவெளியே அரை நொடிதானே! அவர்கள் தட்டியது வந்து சேர்வதற்குள் நாம் அடுத்ததைத் தட்டிவிட்டிருப்போம். அதனால் அரங்கம் முழுவதும் ஒரே தாளம் என்பது கைதட்டலால் மட்டும் அமைவது கடினம். பெயரைச் சொல்லி அழைப்பதற்கு இங்கேதான் வலிமை. "இச்-சி-ரோ" என்ற மூன்று அசையும் அதற்குப் பின் வரும் இடைவெளியும் கைதட்டலைவிட மிக மெதுவானவை. அந்த வேகத்தில் அரை நொடித் தாமதத்தால் எல்லாம் குலைந்துபோகாது. பெயர் பெயராகவே கேட்கும்.

20 நிமிடம் ஓயாமல் இருந்தது ஏன்? ஆய்வுக்கூடத்துக் கைதட்டல், பேச்சு முடிந்தபின் வருவது. அதற்குமேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை, அதனால் கைகள் இறங்குகின்றன. டோக்கியோவில் கூட்டம் ஒருவருக்காகக் காத்திருந்தது. கையை இறக்குவதற்கான காரணம் இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் கணக்கில் அந்த ஆட்டக்காரரும் ஒரு பகுதிதான். 1995 செப்டம்பர் 6 அன்று பால்டிமோரில், கால் ரிப்கன் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் தொடர்ந்து 2,131ஆவது ஆட்டத்தில் ஆடி லூ கெரிக்கின் 2,130 என்ற சாதனையைக் கடந்தபோது கைதட்டல் 22 நிமிடம் நீடித்தது. அவர் வெளியே வந்து கையசைத்துவிட்டு உள்ளே போவார். ஒலி மறுபடி பொங்கும். கடைசியில் தோழர்கள் இருவர் அவரை டக்அவுட்டிலிருந்து (ஆட்டக்காரர்கள் அமரும் இடத்திலிருந்து) பிடித்து வெளியே தள்ளிவிட, மைதானத்தைச் சுற்றி ஓடி ரசிகர்களின் கையைப் பற்றினார். அவர் ஒவ்வொரு முறை தென்பட்டதும் அணையப்போன தீயில் நெய் வார்த்ததுபோல ஆனது.

உடலுக்குள் என்ன நடக்கிறது? ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிகே என்ற ஊரில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கும். தீயில் நடப்பவர், பார்ப்பவர் ஆகியோரின் இதயத் துடிப்பை அளந்த ஆய்வு 2011இல் வெளியானது. தீயில் நடந்தவரின் துடிப்போடு, கூட்டத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கியது. ஊருக்குப் புதியவர்களிடம் அது நடக்கவில்லை. ஆக, இதயத்தைச் சேர்த்துவைத்தது நெருப்பின் காட்சி அல்ல, உறவு. ஸ்பெயினில் கண்டது டோக்கியோவிலும் அப்படியே நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் 1992 முதல் 27 ஆண்டுகள் ஒருவர் மட்டை பிடித்து நிற்கும் விதத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர் முழுக்க அந்நியர் இல்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது அந்த ஹிட் இல்லாத 2 ஆட்டங்களுக்கு வருவோம். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை. 14 டிகிரிக் குளிர்நீரில் 60 நொடி கையை வைத்திருப்பது ஒன்று. அதே 60 நொடியோடு, நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றியபடி இன்னும் 30 நொடி வைத்திருப்பது மற்றொன்று. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது, வேதனை நீண்டது என்றாலும் பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நினைவு மொத்தக் கணக்கைப் போடுவதில்லை. உச்சத்தையும் முடிவையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அன்றைய கடைசி அவுட்டில் முடிந்திருந்தால் அந்த இரவு ஒரு மாதிரி பதிந்திருக்கும். எழாமல் உட்கார்ந்திருந்த கூட்டம் அதற்கு வேறொரு முடிவைப் போட்டது. தன் ஆட்டக்காரருக்கும், தனக்கும்.

நள்ளிரவை ஒட்டித் தொடங்கிய செய்தியாளர் சந்திப்பு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீண்டது. வருத்தம் ஏதாவது உண்டா என்ற கேள்வி வந்தது. சற்றுமுன் மைதானத்தில் தான் பார்த்ததைச் சொன்னார் இச்சிரோ. அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டபிறகு வருத்தம் எப்படி இருக்க முடியும் என்றார்.