கல்வெட்டு மேல சாக்பீஸ் தேய்க்காதீங்க

மேலூர் பக்கத்துல அரிட்டாபட்டிக்கு இப்பல்லாம் லீவு நாள்னா வேன் வேனா ஆளுக வர்றாக. 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, அப்புறம் டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு ஊரு ஊரா திரண்டு 2025 ஜனவரியில ஏலமே ரத்தாச்சு, அதுல ஊர் பேரு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சந்தோஷம்தான், ஆனா கல்வெட்டு படியெடுக்கிற (பாறையில இருக்கிற எழுத்த அப்படியே தாள்ல பதிச்சு எடுக்கிற) எனக்கு அந்தக் கூட்டத்துல எவன் கையில சாக்பீஸ் இருக்கோன்னு வயித்தக் கலக்குது.

அரிட்டாபட்டி மலைக் குகையில ரெண்டாயிரம் வருசப் பழைய தமிழி (தமிழ் பிராமின்னும் சொல்லுவாங்க) எழுத்து இருக்கு, நெல்வெளிய சேந்த சிழிவன் அதினன் வெளியன்னு ஒருத்தர் இந்தக் குகையச் செஞ்சு குடுத்ததா சொல்லுது, சமண முனிவர்கள் தங்குறதுக்குத்தான். அப்புறம் பாண்டியர் காலத்துல, சுமார் 8-ம் நூற்றாண்டுல, சிவனுக்குப் பாறையக் குடைஞ்சு ஒரு குடைவரைக் கோயில், அதுல லகுலீசர் (சிவனோட அவதாரமா கும்பிடுறவரு) சிற்பம் வேற, நம்ம பக்கம் அது ரொம்ப அபூர்வம். சரி, சைவம் வந்துச்சு, சமணம் போயிருச்சுன்னு கதைய முடிச்சிரலாமான்னா முடியாது. அதுக்கும் பின்னாடி, 9-10-ம் நூற்றாண்டு வாக்குல, அச்சணந்திங்கிற சமண முனிவர் இதே மலையில சமணரோட தீர்த்தங்கரர் சிற்பம் செய்ய வைக்கிறாரு, கீழ வட்டெழுத்துல (அந்தக் காலத்து வளைஞ்ச தமிழ் எழுத்து) பேரோட இருக்கு. ஒண்ணு வந்து இன்னொண்ண விரட்டுச்சுன்னு மேடையில பேசுறவங்க ஒருதடவ இங்க ஏறிப் பாத்துட்டுப் பேசலாம்.

இந்த வரிசைய நாம சொல்றதே எழுத்தோட வடிவத்த வச்சுத்தான். தமிழியில ஒரு புள்ளி இருக்கா இல்லையாங்கிறது கூட காலத்தக் கணிக்க உதவும். போட்டோவுல பளிச்சுன்னு தெரியணும்னு சாக்பீஸ ஓட்டுறப்ப பாறையில இருக்கிற பொத்தலும் புள்ளியாயிரும், விரிசலும் எழுத்துக் கோடாயிரும், அந்த போட்டோ வாட்ஸ்அப்புல சுத்தி கல்வெட்டுல இல்லாத புது வாசகமா வந்து நிக்கும். இதே மலையில ரெண்டாவது தமிழிக் கல்வெட்டு 2003-லதான் கண்ணுல பட்டுச்சு, அதனால சும்மா பாறைதானேன்னு பேர் செதுக்குற இடத்துல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

சாக்பீஸ் மட்டுமில்ல, எண்ணெயும் ஆகாது. வேறொரு ஊர்ல பழைய சிலை ஒண்ணுக்கு எண்ணெ தடவுன பெரியவர் ஒருத்தர், "சாமி மூஞ்சி வறண்டு கெடக்குன்னுதேன் எண்ணெ தடவுனோம்"னாரு. கும்பிட்டதாலதான் அந்தச் சிலை இத்தன நாள் தப்பிச்சுச்சு, அதனால அவரக் கோவிச்சுக்க மனசு வரல, எண்ணெயில புழுதி ஒட்டி இறுகுறத மட்டும் சொன்னேன், வெளக்குல ஊத்திருங்கய்யான்னேன்.

எழுத்து தெரியணும்னா பொழுது சாயுறப்ப போங்க, இல்லாட்டி டார்ச்ச பக்கவாட்டுல பாறையோட ஒட்டிப் பிடிங்க, நிழல் விழுந்து தானா எந்திரிச்சு வரும். ஏற்கெனவே பெயிண்ட் அடிச்சிருந்தா ஆசிட், கம்பி பிரஷ்னு நீங்களா இறங்காதீங்க, போட்டோ எடுத்து தொல்லியல் துறைக்குத் தகவல் குடுங்க.